பதின்மூன்றாவது ஆள்

மார்ச் 6

வேதியியலை விட்டுவிட்டுச் சமூகவியலுக்கு மாறப் போனேன். ஆசிரியர் அறை வாசலிலேயே சே-ரிம் கையைப் பிடித்துக்கொண்டாள். வகுப்பில் முதல் மாணவி. போன வாரம் வரை என் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

"தோ-ஹீ, போயிடாதடி. பதிமூணு பேர் இருந்தாத்தான் ஒருத்திக்காவது முதல் தரம் குடுப்பாங்க. நீ போனா பன்னெண்டு, யாருக்குமே கிடையாது. நீ படிக்கக்கூட வேணாம், சும்மா இருந்தா போதும்."

கடையில் தொக்பொக்கி, அதுதான் காரக் குழம்பில் வெந்த அரிசிக் கொழுக்கட்டை, வாங்கிக் கொடுத்தாள். காரத்தில் கண்ணீரே வந்துவிட்டது. சரி, இருக்கிறேன் என்றேன்.

மார்ச் 19

சே-ரிம் சொல்லிக் கொடுத்தாள். எலக்ட்ரான் அணுக்கருவை வட்டமடிப்பதில்லையாம். இதோ இங்கே என்று விரல் வைக்க முடியாது; இருக்கக்கூடிய இடத்தைத்தான் வரையலாம். அதுதான் ஆர்பிட்டால். அடிமட்டம் முதலில் நிரம்பும். ஒரே மட்டத்தில் பல அறைகள் இருந்தால் முதலில் தனித்தனியாக உட்காரும், அப்புறம்தான் ஜோடி.

"பஸ்ல நாம உக்கார்ற மாதிரிதான்டி."

திரும்பும்போது பஸ்ஸில் எத்தனையோ இடம் காலி. அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சந்தோஷமாக இருந்தது.

ஏப்ரல் 2

குரோமியத்தில் எலக்ட்ரான் நிரம்பும் வரிசை ஏன் மாறி வருகிறது என்று சே-ரிமிடம் கேட்டேன். "அதெல்லாம் உனக்கெதுக்கு? விடு."

ஏப்ரல் 3

சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் சே-ரிம். நான் பின்னால் நிற்பது தெரியாமல் தோழியிடம் சொல்கிறாள்: "அவளா? அடியில கிடக்க ஒருத்தி வேணும்ல. இல்லேன்னா நான் எது மேல நிக்கிறது?"

சிரிப்பு வேறு.

ஒரு தட்டு தொக்பொக்கிக்கு வாலாட்டியிருக்கிறேன். சீ! சோறு இறங்கவில்லை.

ஏப்ரல் 4

வேதியியல் எடுக்கும் மேங் டீச்சரிடமே போய்க் கேட்டேன். "கணக்குப்படி முதல்ல நிரம்புற நாலு-எஸ் மட்டத்துல ரெண்டு எலக்ட்ரான், அடுத்த மூணு-டில நாலு இருக்கணும். ஆனா எஸ்ல இருந்து ஒண்ணு கிளம்பி டிக்குப் போயிடும். அஞ்சு அறையிலயும் ஒவ்வொண்ணு ஆயிடுதுல்ல, அந்த அமைப்புதான் அணுவுக்கு வசதி."

அப்படியானால் முதலில் நிரம்பினது அங்கேயே கிடக்க வேண்டும் என்று இல்லையா?

மே 2

தேர்வில் குரோமியம் கேள்வி வந்தது. எழுதினேன். நான் ஆறாவது.

சே-ரிம் பஸ்ஸில் வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

ஜூலை 12

பருவத் தேர்வில் நான் இரண்டாவது. முதல் தரம் அவளுக்கு. ஒரே ஒரு கேள்வியில் போச்சு! வயிறு எரிகிறது. அடுத்த பருவத்தில் பார்க்கிறேன், எப்படி வாங்குகிறாள் என்று.

ஆகஸ்ட் 21

இப்போது கடைசியில் இருப்பவள் போ-ராம். வேதியியலை விடப் போகிறாளாம். அவள் போனால் நாங்கள் பன்னிரண்டு.

பள்ளி விட்டதும் தொக்பொக்கி கடைக்கு அழைத்துப் போனேன்.

"போயிடாதடி," என்றேன். "நீ படிக்கக்கூட வேணாம்."

காரம் தாங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சரி, இருக்கிறேன் என்றாள்.

பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன்.