கோணி சுற்றிய கேபிள்

1946 அக்டோபர் 14, திங்கள்

மழை இல்லை. உப்புக் காற்று மட்டும். துறைமுகப் பம்பு கொட்டகைக்குப் போகிற கேபிளுக்கு இன்று ஜாயிண்ட், இரண்டு முனையையும் சேர்க்கிற வேலை. குழிக்குள் இறங்கினால், வெட்டின முனையில் கோணித்துணி. எந்தக் கழுதையின் வேலையோ. உள்ளே கம்பியைச் சுற்றியிருக்கும் எண்ணெய்க் காகிதம்தான் கரண்டை அடக்கி வைத்திருப்பது. அது ஈரம் குடித்தால் தொலைந்தது. வெட்டின கையோடு முனையை ஈயம் உருக்கி மூட வேண்டும். பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

காகிதத்தில் ஒரு கீற்றைக் கொதிக்கிற மெழுகில் போட்டேன். நுரை. ஈரம்தான். இரண்டு அடி வெட்டினேன். நுரை. மறுபடி வெட்டு. ஆறு அடி போன பிறகே அடங்கியது. இப்போது கேபிள் மறுமுனைக்கு எட்டாது.

ஓவர்சியர் வந்தார். மதராஸ்காரர். சப்பாத்து அழுக்காகாமல் மேட்டிலேயே நின்றுகொண்டு, கேபிளுக்கு மேலே ஈய உறை இருக்கிறதே, ஈரம் எப்படிப் போகும் என்று கேட்டார். இதற்குச் சம்பளம் வேறு. யார் செய்த தப்பு, எழுதிக் கொடு என்றார். ஹெல்பர் சூசை என்று எழுதிக் கொடுத்தேன். ஆலந்தலைக்காரன். முன்பு சங்கு குளித்தவன், ஒரு காது கேட்காது. வேறு யார் செய்திருப்பார்கள்.

15, செவ்வாய்

புழுக்கம். காப்பி கிளப்பில் இட்லி கல். சோப்பு வாங்க வேண்டும்.

சூசைக்கு வேலை போயிற்று. நாலு பெண் பிள்ளைகளாம். மடையனுக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். கேட்டில் நின்றான். பார்க்காத மாதிரி கடந்தேன். பின்னாலேயே வந்தான்.

"வெள்ளிக்கிழம நீங்கதான அண்ணாச்சி சொன்னிய, ஈயம் தீந்துட்டு, சாக்கச் சுத்தி வையி, காலைல வந்து மூடுதேன்னு. நீங்க வரல."

சனிக்கிழமை நாசரேத்தில் மச்சினி கல்யாணம். பந்தியில் இருந்தேன். கேபிள் ஞாபகமே இல்லை.

ஆபீசில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்களே வந்து சொல்லுவியன்னு இருந்தேன் என்றான்.

த்தூ, நானும் ஒரு மனிதன்.

16, புதன்

தூறல். ஓவர்சியரிடம் போய், கோணி சுற்றச் சொன்னது நான்தான், சூசையை மறுபடி எடுங்கள் என்றேன். அவர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஹெல்பர் ஆயிரம் பேர் கிடைப்பான். ஜாயிண்டர் நீ ஒருத்தன்தான். போய் வேலையைப் பாரு."

அவனை எடுக்காவிட்டால் நானும் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பையை எடுத்துக்கொண்டு குழிக்குப் போனேன். அங்கே சூசையின் இடத்தில் மாப்பிள்ளையூரணி ஆள் ஒருவன் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தான். பேர் கேட்கவில்லை.