சித்திக்கு அடுத்த பங்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை, உனக்குச் சளி பிடித்ததும் நீ வேறு வீடு மாறியதும் உன் சித்தி சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. பெற்றவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும், சித்திக்கு நினைத்தபோதெல்லாம் போனா? அப்பாவிடம் சொன்னால், அவளும் உனக்கு ஒரு அம்மா மாதிரிதானே என்று சிரிக்கிறார். எனக்கு வயிறு எரிகிறது, மறைப்பானேன்.

இங்கே காட்டுத் திட்டத்தை மூடிவிட்டார்கள். வெளிநாட்டுப் பணம் மூன்று மாதத்துக்கு முன்பே நின்றுவிட்டது. ஆபீஸ் மேசைகளை லாரியில் ஏற்றியாயிற்று, ஜீப்பும் போயிற்று. காவல் ஆட்களுக்கும் சம்பளம் இல்லை, நாற்றங்காலில் எனக்கும் இல்லை. மரம் வெட்டி மொட்டையாகக் கிடந்த இடத்தில் நாங்கள் வைத்த கன்றுகள் இப்போதுதான் ஆள் உயரம் வந்திருக்கின்றன. இன்னும் சில வருஷம் கொடி அறுத்துவிட்டால் தானாகவே காடாகிவிடும், விட்டால் கொடி மூடிச் செத்துப்போகும், ரம்பக்காரர்களும் மறுபடி உள்ளே வருவார்கள். இனி இதை எப்படிக் காப்பாற்றுவது என்று கடைசிக் கூட்டத்தில் அதிகாரி கேட்டார். ஆரம்பத்திலிருந்து நாற்றங்காலைப் பார்த்தவள் நான்தானே, எழுந்து, அரசாங்கத்திடம் சம்பளம் கேட்டு மனு கொடுப்போம் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள், கொட்டாவியும் விட்டார்கள். அப்புறம் உன் சித்தி எழுந்தாள். நேற்று முளைத்த காளான், அவள் வேலைக்குச் சேர்ந்ததே என் சிபாரிசில்தான். "சம்பளம் வர்றப்ப வரட்டும். கன்னு நிக்கிற இடத்த வீட்டுக்கு ஒரு பங்கா பிரிச்சுக்குவோம். கொடிய அவங்கவங்க அறுக்கட்டும், குத்தம் கண்டுபிடிச்சு மாசக் கூட்டத்துல எழுந்து சொல்றது பக்கத்துப் பங்குக்காரங்க வேலை. அடுத்த வீட்டுக் குத்தம் பாக்க நம்ம ஆளுங்க என்னைக்குச் சம்பளம் கேட்டாங்க?" என்றாள். கூட்டமே கைதட்டிச் சிரித்தது. அதிகாரி என்னிடம், உங்க ஓரகத்தியாச்சே, பெருமையா இருக்குமே என்றார். பெருமையாம்! பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைத்தேன். பங்கு பிரிக்கும்போது அவளே, அக்காவ எனக்கு அடுத்த பங்குல போடுங்க, அக்கா கண்ணுக்குத் தப்பி ஒரு கொடி ஏறாது என்றாள். புகழ்ந்தாளா குத்தினாளா, இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

அன்றிலிருந்து விடிந்ததும் ஓடுகிறேன். சம்பளம் வாங்கிய காலத்தில்கூட இப்படி ஓடியதில்லை. நான் மட்டுமில்லை, தெருவே ஓடுகிறது. டெய்லரும் பேக்கரிக்காரரும் ஒரு கொடிக்காகச் சண்டை போட்டுப் பேச்சே நின்றுவிட்டது, ஆனால் இரண்டு பேர் பங்கும் பளிச்சென்று இருக்கிறது. போன மாதம் ரம்பத்தோடு வந்தவர்களைப் பேக்கரிக்காரர் விரட்டியடித்தார், காட்டின் மேல் உள்ள பாசத்தில் இல்லை, மரம் போனால் டெய்லர் கூட்டத்தில் எழுந்து மானத்தை வாங்குவாரே என்றுதான். அவள் யோசனை பலித்துவிட்டது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன வாரம் சித்தி காய்ச்சலில் படுத்துவிட்டாள். பயப்படாதே, இப்போது தேவலை. மழை விடவில்லை, அவள் பங்கில் கொடி கன்றுகளின் கழுத்து வரை ஏறிவிட்டது. எனக்குச் சந்தோஷம்தான், உன்னிடம் என்ன பொய். கூட்டத்தில் எழுந்து என்ன சொல்வது என்று வாய்க்குள் பேசியும் பார்த்துக்கொண்டேன். அப்புறம் பார்த்தால், அத்தனையும் நான் விதை போட்டு, பையில் மண் நிரப்பி வளர்த்த கன்றுகள். எனக்கு அவள் மேல் ஆத்திரம் என்றால் அதுகள் ஏன் மூச்சு முட்டிச் சாக வேண்டும்? அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன், அவளைத் திட்டிக்கொண்டேதான் அறுத்தேன். இப்போது அவள், எல்லாம் உன் சித்தப்பா செய்தது என்று நினைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரர் தங்கம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். அரிவாளின் கைப்பிடி எந்தப் பக்கம் என்று தெரியாத மனுஷன், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை! நானும் வாயைத் திறக்கவில்லை. தெரிந்தால் அவள் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள், அதை யார் தாங்குவது.

சளிக்கு வெந்நீர் குடி, ஈரத் தலையோடு வெளியே போகாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும். போன் செய்வதாக இருந்தால் முதலில் எனக்கு, அப்புறம் யாருக்கு வேண்டுமானாலும் செய். லீவில் வரும்போது என் பங்கைப் பார்த்துவிட்டு அவளுடையதையும் பார். நல்லா இருக்கு சித்தி என்று சொல்லத்தான் போகிறாய், உன்னை எனக்குத் தெரியாதா. சொல்லிக்கொள். ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துச் சொல்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா