ஏழாம் தொகுதி வெளிவந்த நாள்

சான் ரோக்கே கடலாய்வு நிலையம்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள சார்,

நலம்தானே? மின்னஞ்சலில் கேட்டால் "பாக்கறேன்" என்று ஒரே வார்த்தையில் தப்பித்துவிடுவீர்கள். அதனால்தான் தபால்.

நம் ஆய்விதழ் முழுவதையும் இணையத்தில் ஏற்றுகிறேன். நீங்கள் ஸ்டென்சிலில் அறுபது பிரதியாகத் தொடங்கியது. பிறகு செபு அச்சகம், வண்ண அட்டை, இப்போது நாற்பத்தேழு தொகுதிகள். இதழின் இன்றைய ஆசிரியரான எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு உறுத்தல். ஒவ்வொரு இதழும் உண்மையில் வெளிவந்த தேதியைச் சேர்க்கிறேன். ஏழாம் தொகுதியின் அட்டை "டிசம்பர் 1983" என்கிறது. அதில்தான் ஒரு நீலக் கடல் நத்தைக்கு என் பெயரை வைத்தீர்கள். ஒகினாவாவின் ஆய்வாளர் குராத்தா அதே நத்தைக்கு வேறு பெயர் வைத்து 1984 ஜனவரியில் அச்சிட்டார். முந்தி வெளிவந்த பெயரே நிற்கும் என்பது விதி. அவர் வைத்தது விழுந்தது, நீங்கள் வைத்தது நின்றது.

ஆனால் செபுவிலிருந்து இதழ்க் கட்டுகளைப் படகில் கொண்டுவந்தவள் நான். அன்று ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறு. படகு முழுக்க ஓலை. அப்படியானால் 1984 ஏப்ரல், குராத்தாவுக்குப் பிறகு. உறுதிசெய்து கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
லியோனிலா


செபு
16 செப்டம்பர் 2024

அன்புள்ள லியோனிலா,

முட்டிவலி தவிர நலம். உன் தலைக்கனம் நியாயமானதுதான்.

கையெழுத்துப் போட மாட்டேன். அச்சகத்தில் தாள் இல்லாமல் தாமதமானது. "சார், அட்டைல டிசம்பர்னு இருக்கே, மாத்தச் சொல்லட்டுமா?" என்று நீ கேட்டாய். "நத்தை காலண்டரா பாக்குது? விடு" என்றேன். குராத்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி யாருக்கு நஷ்டம்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் அந்தப் பெயரில்தான் சொன்னேன். ஏன் கல்யாணம் செய்யவில்லை என்று கேட்டவர்களிடம் வேலையைக் காட்டினேன். அதை அழிக்கச் சொல்லி என்னிடமே கேட்கிறாயே.

எலாடியோ


சான் ரோக்கே
24 செப்டம்பர் 2024

அன்புள்ள சார்,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு கோபம் வந்தது.

"நீங்கள் முந்திவிட்டீர்கள், மகிழ்ச்சி" என்று குராத்தா நமக்கு வாழ்த்து அட்டை அனுப்பினாரே. அவர் வைத்தது தன் பெயரையல்ல. நத்தையை மூழ்கி எடுத்த ஹிகா என்ற மீனவரின் பெயரை. அந்த மனிதரின் இடத்தில் நாற்பது ஆண்டாக உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் கூசுகிறது.

இன்னொன்று. அன்று படகிலேயே அந்தப் பக்கத்தைப் பிரித்துப் படித்துவிட்டேன். படகுத்துறையில் உங்களிடம் ஓடிவந்தேன். நீங்களோ, அச்சகத்தில் அட்டை ஒட்டியது சரியில்லை என்று கால் மணி நேரம் பேசினீர்கள். நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன். நானும் வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. இரண்டு பேருமே முட்டாள்கள்.

நீங்கள் மறுத்தாலும் என் சாட்சியோடு திருத்தம் வெளிவரும். ஆனால் இதழைத் தொடங்கியவர் நீங்கள். உங்கள் கையாலேயே வரட்டும்.

லியோனிலா


செபு
5 அக்டோபர் 2024

அன்புள்ள லியோனிலா,

கையெழுத்திட்ட தாள் உள்ளே இருக்கிறது. ஏழாம் தொகுதி வெளிவந்தது 1984 ஏப்ரல் 15. தெரிந்தே மறைத்தவன் நான் என்றும் எழுதியிருக்கிறேன். அந்த வரியை வெட்டாதே.

டிசம்பரில் நடக்கும் உங்கள் இணைய வெளியீட்டு விழாவுக்கு அழைப்பு வந்தது. உனக்கென்று நான் கொடுத்த ஒன்றும் இல்லாமல் போனபின் எந்த முகத்தோடு அங்கே வருவது? வரவா, வேண்டாமா, நீயே சொல்.

எலாடியோ


சான் ரோக்கே
14 அக்டோபர் 2024

எலாடியோ,

திருத்தம் இன்று காலை இணையத்தில் ஏறிவிட்டது. நீங்கள் எழுதிய ஒரு வரியையும் வெட்டவில்லை. நத்தை இனி ஹிகாவுடையது. அவருடைய பேத்திக்கும் தகவல் அனுப்பினேன். தாத்தா பெயரைத் திரையில் பார்த்து அழுதாளாம்.

விழா வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அடுத்த வார வியாழக்கிழமைப் படகு பத்து மணிக்கு வரும். துறையில் நிற்பேன்.

விதிப்படி, ஒருமுறை வைத்து விழுந்த என் பெயரை அந்தப் பேரினத்தில் வேறு எந்த நத்தைக்கும் இனி வைக்க முடியாது. கூப்பிட மட்டும்தான் முடியும். வந்து கூப்பிடுங்கள்.

லியோனிலா