பெயருக்கு முன்னால்

27.05.2009, புதன்

குஞ்சு, என் பிள்ளையே, உன்னோடு ரெனிஸ் மட்டை பிடித்து விளையாடின சிவம் அங்கிள் இன்று வீட்டுக்கு வந்தார். இங்கே கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் ரெனிஸ் தொடங்கின கதையைப் புத்தகமாக அடிக்கிறார்களாம்.

"ஃபக்டரிச் சப்பாத்தோட பார்க்குக்குள்ள இறங்கின ஆக்கள் அக்கா நாங்கள். அடிச்ச பந்தெல்லாம் வேலிக்கு அங்கால. இண்டைக்குச் சரித்திரம் எழுதுறம்!" என்று சிரித்தார்.

முதல் போட்டியில் கப் எடுத்தது நீதானே. கப்போடு நீ நிற்கிற படத்தைக் காட்டினார். கீழே உன் பெயர். அதற்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள்.

"குறை நினையாதேங்கோ அக்கா. செல்வன் எண்டு போடுறதோ, அமரர் எண்டு போடுறதோ? காலமை அச்சுக்குக் குடுக்கவேணும்."

சமாதான காலத்தில் வன்னிக்குப் போன நீ, கடைசியாக மாசியில்தான் போன் எடுத்தாய். சண்டை முடிந்தும் உன்னைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. அமரர் என்று சொன்னால், பெற்ற நானே உன்னைக் கொன்றதாகிவிடும். செல்வன் என்று போட்டால், முகாமில் இயக்கப் பொடியன்கள் என்று பெயர் பார்த்துப் பிரிக்கிற ஆமிக்காரரின் கைக்கு அந்தப் படம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போனவள், அவர் போகும்வரை வெளியே வரவில்லை.

விடிந்ததும் போன் அடிப்பார். நான் எதைச் சொல்ல, குஞ்சு?