அம்மா கண்ட கல்யாணக் கனவு

அம்மாவுக்கு அபிராமி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அப்பாவின் முட்டிவலியும் தம்பியின் வாலும் எப்படி இருக்கின்றன?

எனக்குக் கல்யாணம் நடப்பதாகக் கனவு கண்டாயாம். கல்யாணக் கனவு வந்தால் கெட்டது நடக்கும், உடனே ஊருக்கு வந்துவிடு என்று ஹாஸ்டல் போனில் அழுதாயே, மாப்பிள்ளை முகத்தையாவது பார்த்தாயா?

கெட்டது உன் கனவுக்கு முதல் நாளே நடந்து முடிந்துவிட்டது. மெஷின் ஊசி என் விரலில் ஏறியது. சூப்பர்வைசர் லிங்கசாமி அண்ணன், "ஏங்கண்ணு, பனியனத் தெக்கச் சொன்னா வெரலத் தெச்சுப் போட்டயா?" என்று திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஊசி குத்தியதற்கு இன்னொரு ஊசி. இப்போது ஆறிவிட்டது. அடுத்த தடவை கொஞ்சம் சீக்கிரமாகக் கனவு காண்.

இதற்காக என்னைக் கூப்பிடாதே அம்மா. ஹெல்பராக இருந்தவளை இப்போதுதான் டெய்லர் ஆக்கியிருக்கிறார்கள். நான் கிளம்பினால் என் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள்.

என்னோடு ஹாஸ்டலில் இருக்கும் ரோஸ்மேரி அக்கா ஊருக்கு வருகிறாள். அவளிடம் நார்த்தங்காய் ஊறுகாயும் உன் சீப்பும் கொடுத்துவிடு. திருப்பூரில் சீப்பு கிடைக்காதா என்று கேட்பாய். கிடைக்கும்.

எனக்கும் கனவு வருகிறது. நீ தலை வாரிவிடுகிறாய். சிக்கெடுக்கும்போது வலிக்கிறது, ஆனாலும் நான் கத்துவதில்லை. கத்தினால் முழிப்பு வந்துவிடும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

அபிராமி