எனக்கு முன்பே உனக்குத் தெரிந்தது

அன்பு மகன் ஜோஷ்வாவுக்கு,

கோவளத்திலிருந்து அம்மா எழுதுகிறேன். நீயும் அன்பரசியும் ஆக்லாந்துக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறேன். நான் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் இந்தத் தடவை எழுத மாட்டேன். நான் நலமாக இல்லை என்பது எனக்கு முன்பே உனக்குத் தெரியும். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் உன்னைத் தேற்றிக்கொண்டே சொல்ல வந்ததை விட்டுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

கேளம்பாக்கம் சுப்புராமன் டாக்டர் பன்னிரண்டு வருடமாக என் சர்க்கரைக்கு மருந்து கொடுக்கிறவர். முன்பெல்லாம் நாற்காலியை என் பக்கம் திருப்பி, என் அங்கன்வாடிப் பிள்ளைகளை விசாரித்து, கடைசியில்தான் மாத்திரைக்கு வருவார். பிப்ரவரியிலிருந்து கம்ப்யூட்டரையே பார்த்துப் பேசினார். கால் ஏன் இப்படி வீங்குகிறது என்றால், "ஒண்ணுமில்லம்மா, சத்து மாத்திரை போடுங்க, சரியாயிடும்" என்பார். நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனோ, என்மேல் சலிப்போ என்று நினைத்து, உடம்பு அரிப்பதையும் சோறு கசப்பதையும் அவரிடம் சொல்லாமலே விட்டேன். அவர் மறைக்க மறைக்க நானும் மறைத்தேன்.

போன திங்கட்கிழமை, கையில் ரத்தக்குழாயைப் பார்க்க வேண்டும், வேறொன்றுமில்லை என்று செங்கல்பட்டுக்கு ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். உன் சித்தி மகள் ஜாக்குலின்தான் கூட வந்தாள். அங்கே பூங்கொடி என்ற நர்ஸ் என்னென்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டது. அசதிக்கு நல்லதென்று தினமும் ஓர் இளநீர் குடிக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். "இன்னாம்மா நீ, டயாலிசிஸுக்கு வந்துகினு எளநீ குடிச்சுகினு கீற? ரெண்டு கிட்னியும் போயிடுச்சுன்னு ஒருத்தரும் சொல்லலியா?" என்றது. என் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டது. நான் ஜாக்குலினைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது ஜோஷ்வா, எனக்குத்தான் தெரியவில்லை.

வீட்டுக்கு வராமல் பஸ் ஏறி நேரே கேளம்பாக்கம் போனேன். நர்ஸ் சொன்னதைச் சொல்லி, ஏன் மறைத்தீர்கள் என்று டாக்டரைக் கேட்டேன். "ரிசல்ட் வந்ததும் ஃபைல்ல இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். ஜோஷ்வாதாம்மா கேட்டுக்கிட்டார், அம்மா மனசு தாங்காது, சொல்லாதீங்கன்னு போன்ல அழுதார். எளநீரைக் குறைங்கன்னு நான் சொன்னேனே" என்றார் டாக்டர். "கொறைச்சுக்கோன்னா யாரு கேப்பாங்க? ஏன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அதத் தொட்டிருப்பனா? ஒடம்பு என்னுது தான டாக்டர்?" என்று கேட்டேன். கம்ப்யூட்டரை விட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். பிறகு, "தப்புதாம்மா. சொன்னா நீங்க அழுவீங்க, அதைப் பாக்கணும். சொல்லாம இருக்கறது எனக்கும் சுலபமா இருந்துச்சு" என்றார். ஆறு மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் உண்மை அது. அப்புறம் காகிதத்தில் படம் போட்டு, கெட்ட கிட்னியால் இளநீரிலுள்ள பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது, அது இதயத்தையே நிறுத்திவிடும் என்பது வரை அரை மணி நேரம் சொன்னார். அழுதேன். அழுது முடித்து, எத்தனை நாள் இருப்பேன், எவ்வளவு வலிக்கும், அங்கன்வாடிக்குப் போகலாமா என்று எல்லாம் கேட்டேன், பதில் சொன்னார்.

உன் அப்பாவைக் கடலிலிருந்து தூக்கி வந்தபோது உனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்துக்கு வேறு யாரையும் அனுப்பாமல் நானே வந்து, உன் கையைப் பிடித்துச் சொன்னேன். அந்த மனசா ராஜா தாங்காது? பயந்தவன் நீ. உன் பயத்துக்கு என் பெயரை வைத்துவிட்டாய். அதுதான் எனக்கு ஆறவில்லை, ஆறிவிட்டது போல எழுதவும் வரவில்லை.

வரும் வியாழக்கிழமை, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைக்கிற ஆபரேஷன், புண் ஆறி ரத்தக்குழாய் தேறின பிறகு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். யோசித்து நானே கையெழுத்துப் போட்டேன். டாக்டர் ஃபைலில் உன் நம்பரை அடிக்கச் சொல்லி என் நம்பரை எழுத வைத்தேன்.

ஆண்டவர் உன்னையும் அன்பரசியையும் அவள் வயிற்றுப் பிள்ளையையும் காப்பாராக. அவளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கோ ஜாக்குலினுக்கோ போன் போடாதே, எனக்குப் போடு. வலிக்கிறதா அம்மா என்று கேள். வலித்தால் வலிக்கிறது என்றுதான் சொல்வேன், நீ கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ரெபேக்காள்