மீனாவைப் பற்றிச் சபையில் சொன்னது

13 டிசம்பர் 1998, ஞாயிறு. ஆகுர்டி.

எங்கள் எம்.எல்.ஏ. சட்டசபையில் என் மகள் மீனாவைச் சாகடித்துவிட்டார். அரசு ஆஸ்பத்திரிகளைப் பற்றிய விவாதத்தில், "என் தொகுதியில் குறைமாதத்தில் பிறந்த தமிழ்க் குழந்தை இன்குபேட்டர் இல்லாமல் இறந்தது" என்று பேசியிருக்கிறார். பக்கத்து வீட்டு ஷோபா மராத்தி பேப்பரைப் படித்துச் சொன்னாள். நடந்ததை அவரிடம் சொன்னவளே நான்தான். இன்குபேட்டர் இல்லையென்று திருப்பி அனுப்பியது உண்மை. ஆட்டோவில் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மீனா பிழைத்தாள்.

சபை நடக்கும் நாக்பூரிலிருந்து ஞாயிறு விடுமுறைக்கு வந்திருந்த எம்.எல்.ஏ.வை இன்று மீனாவோடு போய்ப் பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்தி இந்தியில் சொன்னார்: "தாயி, பொழச்சிருச்சுன்னா யாரு காது குடுத்துக் கேப்பாங்க? இப்ப மந்திரி மெஷின் தரேன்னு ஒத்துக்கிட்டாரு."

"மெஷின் வந்தப்புறமாவது, இவ உயிரோட இருக்கான்னு சபையில சொல்வீங்களா?" என்றேன்.

அவர் மீனாவின் தலையைத் தடவிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"இன்னொரு கொழந்த பொழைக்கும்ல, வாயத் தெறக்காத" என்கிறார் என் வீட்டுக்காரர். அதுவும் நியாயம்தான்.

ஆனாலும் மனம் ஆறவில்லை. எழுதுவதை நிறுத்தி நிறுத்தி, மீனாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன். மூச்சு சூடாகத்தான் வருகிறது. இன்னொரு தரம் பார்த்துவிட்டு...